எங்கள் மயானத்தில் இரண்டு பட்டாளத்துக்காரர்கள்

ரேஷன் கடையில் எடை போட்டுக்கொண்டிருந்தவர் இறந்துபோன அன்று எனக்கு வேலை எதுவும் இல்லை. கண்டனூரில் ஒரு காதுகுத்துக்கு மைக் செட் கட்ட வேண்டியிருந்தது, அதைத் தள்ளிவைத்துவிட்டார்கள். அதனால் நானும் துக்க வீட்டுக்குப் போய், பிறகு கூட்டத்தோடு மயானம் வரைக்கும் நடந்தேன். எழுபதுகளின் தொடக்கம், சித்திரை மாதம். எங்கள் ஊர் கண்டனூரிலிருந்து சைக்கிளில் போய்வரும் தூரத்தில் இருந்த சின்ன ஊர். மயானமும் அதற்குத் தகுந்த அளவுதான். சுற்றிலும் உடைமுள் வேலி, உள்ளே மேடும் பள்ளமுமாகச் செம்மண். எந்த மேடு யாருடையது என்று அந்தந்த வீட்டாருக்கே இரண்டு மழைக்காலம் போனால் மறந்துவிடும். எரிக்கிற வழக்கம் எங்கள் ஊரில் குறைவு. புதைப்போம், பால் ஊற்றுவோம், வீட்டுக்கு வந்து குளிப்போம்.

நாங்கள் போனபோது குழி பாதிதான் வெட்டியிருந்தது. குழி வெட்டுகிறவர் மண்வெட்டியை நிறுத்திவிட்டுக் கையால் எதையோ தடவிக்கொண்டிருந்தார். எலும்பு வந்திருந்தது. அது புதிதில்லை, எங்கள் மயானத்தில் குழி வெட்டினால் முன்பே இருந்தவர்கள் கொஞ்சம் தள்ளிக்கொள்ள வேண்டியிருக்கும். ஆனால் எலும்போடு ஒரு பெல்ட்டு பக்கிளும் வந்தது. கனத்த பித்தளை, பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அவர் அதைத் துடைத்து மேலே வீசினார். அது என் அக்காள் வீட்டுக்காரர் காலடியில் போய் விழுந்தது.

மச்சான் அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "நிறுத்து!" என்றார்.

அவர் சொன்ன தோரணையில் குழி வெட்டுகிறவர் மட்டுமல்ல, பாடை தூக்கி வந்தவர்களும் நின்றார்கள்.

"இது பட்டாளத்துப் பெல்ட்டு. உள்ள கெடக்குறவன் சோல்ஜரு. ஒரு சோல்ஜரோட விலாவுல மண்வெட்டிய எறக்குறீக."

இறந்தவரின் மூத்த மகன் மெதுவாகச் சொன்னான்: "மாமா, வெயில் ஏறுது. அப்பாவக் கீழ வைக்கணும்."

"வைங்க. வேற எடத்துல வைங்க. இங்குட்டு வேண்டாம்."

அதன்பின் மச்சான் குழியின் விளிம்பில் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ரேஷன் கடைக்காரரைப் பார்ப்பதா, குழியைப் பார்ப்பதா என்று கூட்டம் குழம்பியது. கடைசியில் எலும்புகளை மறுபடியும் மூடிவிட்டு, நாலு கஜம் தள்ளிப் புதுக் குழி வெட்டினார்கள். அதற்குள் நன்றாக மதியம் ஆகிவிட்டது. இறந்தவர் உயிரோடு இருந்தபோதும் யாரையாவது காக்க வைத்தபடியேதான் இருந்தார். அதனால் யாரும் பெரிதாகக் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். அறுபத்தைந்துச் சண்டையில் எல்லை வரைக்கும் போனார், யாரையும் சுடவில்லை, யாரும் அவரைச் சுடவில்லை. ஓய்வு பெற்று வந்ததும் கண்டனூரில் ஒரு செட்டியார் வீட்டில் காவல் வேலை கிடைத்தது. வீடென்றால் முன் தெருவில் வாசல், பின் தெருவில் கொல்லை. வீட்டுக்காரர்கள் மெட்ராஸில் இருந்தார்கள். கல்யாணத்துக்கும், முன்னோருக்குப் போடுகிற படைப்புக்கும் வருவார்கள். மற்ற நாட்களில் அத்தனை அறைகளுக்கும் மச்சான் ஒருவர்தான். தினமும் காலையில் நடுமுற்றமான வளவில் நின்று விசில் ஊதுவார். யாரும் வரமாட்டார்கள். திருப்தியோடு போய்க் கதவுகளைத் திறப்பார்.

அந்த வீட்டில் தினமும் கூட்டிப் பெருக்க எங்கள் ஊரிலிருந்து ஓர் அம்மா போய்வந்தார். ஐம்பது வயது இருக்கும். அதிகம் பேச மாட்டார். கணவர் இறந்து இருபது வருஷம்போல ஆகியிருந்தது. ஒரே மகளைத் தேவகோட்டையில் கட்டிக் கொடுத்திருந்தார். மச்சானும் அவரும் சில வருஷமாக ஒரே வீட்டில் வேலை பார்த்தும், "தண்ணி வந்திருச்சா", "சாவி எங்க" என்பதைத் தாண்டிப் பேசியதில்லை.

மயானத்திலிருந்து வந்த மறுநாள் மச்சான் வளவுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து பக்கிளைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கிக் குழாய் ஒன்றை வைக்க அந்த வீட்டில் இடம் கேட்டு நானும் அங்கே போயிருந்தேன். அந்த அம்மா விளக்குமாற்றோடு எங்களைத் தாண்டிப் போனவர், நின்று திரும்பிப் பார்த்தார்.

"இது எங்க கெடச்சுச்சு?"

மச்சான் சொன்னார்.

"அவுகளோடதோன்னு பாத்தேன். அவுகளோடது இல்ல."

"யாரோடது இல்ல?"

"எங்க வீட்டுக்காரகளோடது. அவுக பெல்ட்ட நான் அப்பவே ஈயப் பாத்திரக்காரன்கிட்டப் போட்டு ஒரு குண்டான் வாங்கிட்டேன். இன்னும் அதுலதான் சோறாக்குறேன்."

மச்சானின் கை நின்றது. "ஒங்க வீட்டுக்காரரு மிலிட்டரியா?"

"பர்மாச் சண்டைக்குப் போனவுக."

"இத்தன வருசமா சொல்லவே இல்லையேக்கா!"

"நீங்க கேக்கலையே" என்றார் அந்த அம்மா. சொல்லிவிட்டுப் பெருக்கப் போய்விட்டார்.

மச்சான் எழுந்து பின்னாலேயே போனார். அவர் பெருக்கிக்கொண்டே போக, இவர் கேட்டுக்கொண்டே போக, இரண்டு கட்டு, ஒரு கொல்லை முடிந்தபோது விஷயம் இவ்வளவு தெரிந்தது. கல்யாணமான மறு வருஷமே பஞ்சத்தில் பட்டாளத்துக்குப் போனவர். வெள்ளைக்காரப் படையில் கோவேறு கழுதைகள் மேய்க்கும் வேலை. பர்மாக் காட்டில் குண்டும் சோறும் சுமந்தவை அந்தக் கழுதைகள்தான். கத்தினால் எதிரிக்குக் கேட்டுவிடும் என்று, கூட்டிப் போகும் முன்பே அத்தனை கழுதைக்கும் தொண்டைக்குள் நரம்பை அறுத்துவிட்டார்களாம்.

"அறுக்கையில தலையப் பிடிச்சுக்கிறது அவுக வேல" என்றார் அந்த அம்மா. "அதுக்கப்பறம் அதுக வாயத் தொறக்குமாம், சத்தம் வராதாம். ஊருக்கு வந்த பெறகு சலவைக்காரர் வீட்டுக் கழுத கத்துனா வேலையப் போட்டுட்டுப் போயி நின்னு கேட்டுக்கிட்டிருப்பாக. முழுசாக் கத்தி முடிக்கிற வரைக்கும் வர மாட்டாக. ஊருல சிரிப்பாக."

"நீங்க?"

"எனக்கும் மொதல்ல சிரிப்பாத்தான் இருந்துச்சு."

வேறு சத்தம் எதுவும் அந்தக் கணவருக்கு ஆகாது. வெடிச் சத்தம் கேட்டால் உடம்பெல்லாம் வேர்த்து, கையில் இருப்பது கீழே விழுந்துவிடும். தீபாவளிக்குத் தீபாவளி இதே வீட்டின் உள்ளறையில் வந்து உட்கார்ந்துகொள்வாராம். சுவர் அகலம், சத்தம் உள்ளே வராது. அப்போது இருந்த பெரிய ஆச்சி ஒன்றும் கேட்காமல் ஒரு தட்டில் பலகாரம் வைத்துக் கதவைச் சாத்திவிடுவாராம். ஏழெட்டு வருஷம் அப்படி ஓடியது. பிறகு காய்ச்சல் வந்து போய்விட்டார்.

"எங்க வச்சாக?" என்று மச்சான் கேட்டார்.

"அதே மயானத்துலதான். எந்த எடம்னு எனக்கு எப்படித் தெரியும்? பொம்பளைக தெரு முனையோட நிக்கணும். நின்னேன்."

மச்சான் அன்று மாலையே எங்கள் வீட்டுக்கு வந்தார். கொடுத்த காபியைத் தொடவில்லை. "மாப்ளே, உள்ள ரெண்டு பேரு கெடக்கான். ஒருத்தன் எங்கன்னு தெரியும், யாருன்னு தெரியாது. இன்னொருத்தன் யாருன்னு தெரியும், எங்கன்னு தெரியாது" என்றார்.

யாரென்று சொல்ல எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருந்த பாய் இருந்தார். பக்கிளைக் காட்டியதும் பாய் டீ ஆற்றுவதை நிறுத்தினார்.

"இது பினாங்குக்காரரோடதுல்ல? அந்த மனுசனுக்குக் கோடித்துணி போட்டதே நாந்தானே. எல்லாத்தையும் கழட்டினோம், பெல்ட்டு மட்டும் வரல. களிம்பேறிப் பூட்டிக்கிருச்சு. சரி, கெடந்துட்டுப் போகுதுன்னு அதோடயே வச்சுட்டோம்."

பினாங்குக்காரர் என்றதும் எனக்கும் ஞாபகம் வந்தது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவர் அந்த நிறுத்தத்திலேயே இருந்தார். பாய் கடைக்கு விறகு பிளந்து கொடுப்பார், கடையிலேயே சாப்பிடுவார், சாவடியில் படுப்பார். சின்ன வயதில் பினாங்கில் ஒரு வட்டிக்கடைக்குச் சமையல் ஆளாகப் போனவர். சண்டை வந்து முதலாளி ஊருக்குத் திரும்ப வழியில்லாமல் ஒளிந்திருந்த சமயம், வெள்ளைக்காரனுக்கு எதிராக அங்கே திரட்டிய நம்மவர் படையில் சேர்ந்துவிட்டார். நடந்தே பர்மா வரைக்கும் வந்தாராம். தோற்றுப் பிடிபட்டு, சிறையில் இருந்து, கப்பலில் வந்து இறங்கினார். வந்தபோது தாய் தகப்பன் இல்லை. வீடு இருந்த இடத்தில் வேறு யாரோ மாடு கட்டியிருந்தார்கள்.

காரைக்குடி பஸ் வந்தால் எழுந்து விறைப்பாக நிற்பார். பஸ் போனபின் உட்காருவார். நாங்கள் எதிர்ப்பக்கம் வரிசையாக நின்று அதேபோலச் செய்து காட்டுவோம். அவர் கோபப்பட்டதில்லை, ஒருநாள் என் தோளை மட்டும் பிடித்து நிமிர்த்திவிட்டார். காட்டு வழியில் மலைப்பாம்பைச் சுட்டுத் தின்றதாகச் சொல்வார். மலைப்பாம்பை யாரும் நம்பவில்லை, அதனால் சண்டையையும் நம்பவில்லை. அறுபத்து நாலிலோ ஐந்திலோ ஒருநாள் காலையில் எழுந்திருக்கவில்லை. பஸ் வந்தும் எழுந்திருக்காததால்தான் கண்டுபிடித்தார்கள்.

"நம்புனது நான் ஒருத்தன்தான்" என்றார் பாய். "நானும் அப்பப் பினாங்குல இருந்தவன். அந்தப் படை கடைத்தெருவுல போனதப் பாத்திருக்கேன். மலப்பாம்புதான் எனக்கும் கொஞ்சம் சந்தேகம்."

மச்சான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். சுதந்திர தினத்தன்று மயானத்தில் ஒரு கல் நட வேண்டும், கல்லில் இரண்டு பேர் பெயரும் இருக்க வேண்டும்.

ஊராட்சித் தலைவரிடம் போனோம். அவர் நல்ல மனிதர், யார் என்ன கேட்டாலும் முதலில் தலையாட்டிவிடுவார். இதற்கும் ஆட்டினார். பிறகு யோசித்தார்.

"தம்பி, பினாங்குக்காரர் தியாகி. அவருக்குக் கல்லு வைக்கலாம். இன்னொருத்தர் வெள்ளக்காரன் ஆளாச்சே. ரெண்டு பேரும் எதிரெதிர்க் கட்சி. ஒரே கல்லுல எப்படி எழுதுறது?"

"தலைவரே, கட்சி இல்ல. ஆர்மி."

"அதத்தான் சொல்றேன். இவரு அவரச் சுட்டிருப்பாரு, அவரு இவரச் சுட்டிருப்பாரு."

"சுடல. ஒருத்தரு கழுத மேச்சாரு, ஒருத்தரு அநேகமாச் சோறு பொங்கியிருப்பாரு."

தலைவருக்கு அது போதவில்லை. நாங்கள் அந்த அம்மாவிடம் வந்து, இரண்டு பேருக்கும் பழக்கம் உண்டா என்று கேட்டோம். "ஊருணிக் கரையில ரெண்டு பேரும் ஒக்காந்திருப்பாக" என்றார். என்ன பேசுவார்கள் என்று கேட்டால், "பேசிக்கிட மாட்டாக. ஒக்காந்திருப்பாக, பொழுது எறங்குனா எந்திரிச்சு வந்துருவாக" என்றார். இதைத் தலைவரிடம் சொன்னோம். எதிர்க்கட்சிக்காரரோடு ஊருணிக் கரையில் சும்மா உட்கார்ந்திருப்பது அவருக்கும் பழக்கமான விஷயமாக இருந்திருக்க வேண்டும். சரி என்றுவிட்டார். தன் பெயரும் கல்லில் வரவேண்டும் என்று மட்டும் சொன்னார்.

கல் கண்டனூர் வீட்டிலிருந்தே கிடைத்தது. வீடு கட்டிய காலத்தில் மிஞ்சிய படிக்கல் ஒன்று கொல்லையில் கிடந்தது. ஆனி மாதக் கல்யாணத்துக்கு வந்திருந்த ஆச்சியிடம் மச்சான் விறைப்பாக நின்று விஷயத்தைச் சொன்னார். ஆச்சி பாக்கு வெட்டிக்கொண்டே கேட்டார். "அத்தாம் பெரிய கல்லு, தூக்க ஆளிருக்கா?" என்றார். இருக்கிறது என்றார் மச்சான். "அப்ப எடுத்துக்கங்க. அடியில தேளு கெடக்கும், பாத்து" என்றார். தேள் கிடந்தது. கல்லை மாட்டு வண்டியில் ஏற்றினோம்.

அதன்பின் பெயர்ப் பிரச்சினை வந்தது. பினாங்குக்காரரின் பெயர் பாய்க்குத் தெரிந்திருந்தது. பர்மாவுக்குப் போனவரை ஊரில் எல்லோரும் பர்மாக்காரர் என்றே கூப்பிட்டிருந்தார்கள். அதற்கு முந்திய பெயரைத் தெரிந்தவர்கள் யாரும் மிச்சமில்லை. மகளுக்கு விவரம் தெரியும் முன்பே தகப்பன் போய்விட்டார். அவளும் அம்மாவைத்தான் கேட்கச் சொன்னாள். அந்த அம்மா கணவர் பெயரைச் சொல்ல மாட்டார்.

"செத்து எம்புட்டு வருசமாச்சு, சொன்னா என்னக்கா" என்றார் மச்சான்.

"செத்தா பேரு மாறிருமா?"

"சரி, என்ன பேரு மாதிரி? சாமி பேரா?"

"சாமி பேருதான்."

"எந்தச் சாமி?"

"மயிலு வச்சிருக்கவரு."

மச்சானுக்கு உற்சாகம் வந்துவிட்டது. முருகனுக்கு உள்ள பெயர்களை எல்லாம் அணிவகுப்பில் ஆள் எண்ணுவது மாதிரி உரக்க அடுக்கினார். வெறும் வளவில் ஒவ்வொரு பெயரும் இரண்டு தரம் கேட்டது. அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையை அசைத்து இல்லை என்றார். நடுவில் ஒரு பெயர் வந்தபோது மட்டும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு தூணைப் பார்த்தார்.

"அதுதானா?"

"பாதி."

மீதிப் பாதிக்கு என்னைக் கை காட்டினார். எனக்குப் புரிய நேரமாயிற்று. என் பெயரின் பின்பாதிதான் அவர் பெயரின் பின்பாதியும். இரண்டையும் சேர்த்து மச்சான் சொன்னபோது அந்த அம்மா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். வெகுநேரம் பெருக்குகிற சத்தம் கேட்கவில்லை. அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. கல்லில் இருக்கிறது.

கல் கொத்தியவர் தலைவரின் பெயரை முதலில் கொத்திவிட்டார். தலைவர் பக்கத்திலேயே நின்றதுதான் காரணம். மீதி இருந்த இடத்தில் பட்டாளத்துக்காரர்கள் இருவரும் கொஞ்சம் நெருங்கி அமைந்தார்கள்.

சுதந்திர தினத்தன்று காலையில் பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றிய கையோடு எல்லோரும் மயானத்துக்கு வந்தார்கள். அங்கே கரண்டு கிடையாது. ஒரு லாரி பாட்டரியைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுபோய் ஆம்ப்ளிஃபையரை ஓட்டினேன். வேப்பமரத்தில் குழாயைக் கட்டினேன். மயானத்தில் மைக் செட் கட்டுவது எனக்கு முதல் தடவை. வழக்கப்படி முதல் ரெக்கார்டு பிள்ளையார் பாட்டு. போடலாமா கூடாதா என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. போட்டேன்.

தாலுகா ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. வரவில்லை, காரணம் சொல்லி ஆளும் அனுப்பவில்லை. மச்சான் யூனிஃபார்மில் வந்திருந்தார். பட்டாளத்தை விட்டு வந்தபின் அக்காள் சமையலில் உடம்பு வைத்துவிட்டது. சட்டையின் நடுப் பொத்தான் எந்த நேரமும் தெறிக்கும் நிலையில் இருந்தது. கட்டளையிட ஆள் இல்லாததால் அவரே "சாவ்தான்!" என்று கத்தி, அவரே கேட்டு விறைப்பாக நின்றார். பள்ளிப் பிள்ளைகள் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

தலைவர் தன் பங்குக்கு வேட்டுக்காரரை ஏற்பாடு செய்திருந்தார். பீரங்கி மரியாதை கேள்விப்பட்டிருக்கிறோம், நம்மிடம் அதிர்வேட்டு இருக்கிறது என்பது அவர் கணக்கு. இது எங்களுக்குத் தெரியாது. கல்லின் மேல் போட்டிருந்த துணியைத் தலைவர் விலக்கியதும் முதல் வேட்டு வெடித்தது. வேப்பமரத்தில் இருந்த காக்கைகள் எல்லாம் எழும்பின. ஆம்ப்ளிஃபையரில் ஒரு வால்வு அணைந்து மறுபடி எரிந்தது.

அந்த அம்மா வேலிக்கு வெளியே உடைமரத்தடியில் நின்றிருந்தார். அவர் வந்திருந்ததே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வேட்டுச் சத்தம் அடங்கும் முன்பே முள் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஏத்தா, பொம்பளைக இங்குட்டு வரக் கூடாது" என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி, அந்த வேட்ட நிப்பாட்டச் சொல்லுங்க. அவுகளுக்கு ஆகாது."

கையில் மைக் இருந்தது. என்ன சொல்கிறோம் என்று யோசிக்கவில்லை. "வேட்டை நிறுத்தவும். அவருக்கு ஆகாது" என்றேன். குழாய் வழியாக அது ஊருணி தாண்டிக் கேட்டது. எவருக்கு ஆகாது என்று தெரியாமல் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். வேட்டுக்காரர் அடுத்த திரிக்கு நெருப்பைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

"பந்த் கரோ!" என்று மச்சான் கத்தினார். வேட்டுக்காரருக்கு இந்தி தெரியாது. நெருப்பைக் கீழே போட்டு மிதித்துவிட்டார். அந்தச் சமயத்தில்தான் சட்டைப் பொத்தான் தெறித்தது.

நான் ஆம்ப்ளிஃபையரை அணைத்தேன். அந்த அம்மா கல்லின் முன்னால் போய் நின்று எழுத்துகளைப் பார்த்தார். படிக்கத் தெரியாது. "இதுல அவுக எது?" என்று கேட்டார். நான் விரல் வைத்துக் காட்டினேன். கொத்தின பள்ளத்தில் இன்னும் கல்மாவு இருந்தது. அதை முந்தானையால் துடைத்தார். இடுப்பில் வைத்திருந்த சின்னச் செம்பை எடுத்தார், பால் கொண்டுவந்திருந்தார்.

"அவுக எங்குட்டு இருக்காக?"

"இந்தா, இந்தக் கல்லுக்குக் கீழதான்மா" என்றார் தலைவர். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்.

அந்த அம்மா மச்சானைப் பார்த்தார். மச்சான் தொப்பியைக் கழற்றினார்.

"இல்லக்கா. இதுக்குக் கீழ பினாங்குக்காரரு. ஒங்காளு எங்கன்னு தெரியல. இந்த வேலிக்குள்ளதான் எங்கயோ. யாருக்கும் தெரியல."

அவர் அழுவார் என்று நினைத்தேன். தலைவரும் அப்படித்தான் நினைத்திருப்பார், ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தார். அந்த அம்மா குனிந்து பினாங்குக்காரருக்குக் கொஞ்சம் பால் ஊற்றினார். பிறகு நிமிர்ந்து மயானத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்தார், பெருக்க வேண்டிய முற்றத்தைப் பார்க்கிற மாதிரி. வடகிழக்கு மூலையில் போய் முதல் மேட்டில் கொஞ்சம் ஊற்றினார். அடுத்த மேட்டுக்குப் போனார். அதற்கடுத்ததற்கு.

என்ன செய்கிறார் என்று புரிய எங்களுக்கு மூன்று நாலு மேடு ஆயிற்று. புரிந்ததும் மச்சான் தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவருக்கு ஓரடி பின்னால் நடந்தார். மேடு இல்லாமல் வெறும் சரிவாகக் கிடந்த இடத்தில் அந்த அம்மா நிற்பார்; மச்சான் காலால் அழுத்திப் பார்த்து, "இருக்குக்கா" என்பார். ஊற்றுவார். முதல் வரிசையிலேயே செம்பு காலியாகிவிட்டது. அவர் அதைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் விட்டுவிட்டு அப்படியே நின்றார்.

பாய் வேலி ஓரமாக நின்றுகொண்டிருந்தார். கடைக்கு ஆள் அனுப்பி அன்றைய பால் கேனைத் தூக்கிவரச் சொன்னார். வந்ததும் தானே மூடியைத் திறந்து செம்பை நிறைத்துக் கொடுத்தார். அன்று எங்கள் ஊரில் யாருக்கும் டீ கிடைக்கவில்லை.

ரேஷன் கடைக்காரரின் மகன் நாலு கஜம் தள்ளி வெட்டிய குழி பக்கத்தில் நின்றிருந்தான். அந்த அம்மா அங்கே வந்தபோது, "பெரியாத்தா, இது எங்கப்பா. இவரு இப்பத்தான் வந்தாரு" என்றான்.

"இருக்கட்டும். அவருக்கும் தாகமாத்தான் இருக்கும்" என்று சொல்லி ஊற்றினார்.

கேன் பாதியாவதற்குள் மற்றவர்களும் அவரவர் தகப்பன், பாட்டன் இருக்கிற இடம் என்று நினைத்த மேடுகளின் பக்கத்தில் போய் நிற்கத் தொடங்கியிருந்தார்கள். ஒரே மேட்டில் இரண்டு குடும்பம் நின்ற இடமும் உண்டு. பேச்சு வளராமல் மச்சான் பார்த்துக்கொண்டார். தலைவர் எழுதிவைத்திருந்த பேச்சை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தன் தாயார் இருந்த பக்கம் போனார். பிள்ளைகளுக்குக் கொடுக்க வாங்கிய ஆரஞ்சு மிட்டாய் வெயிலில் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாகிவிட்டது. நான் வேப்பமரத்தில் ஏறிக் குழாயை அவிழ்த்தேன். மேலேயிருந்து பார்த்தபோது செம்மண்ணில் அங்கங்கே ஈரமாக வட்டம் வட்டமாகத் தெரிந்தது. காய்ந்துகொண்டே வந்தது. அவர் கடைசி மூலைக்குப் போவதற்குள் முதல் வரிசை காய்ந்துவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். மரத்தில் இருந்ததால் யாரும் பார்க்கவில்லை.

முடித்துவிட்டு அந்த அம்மா செம்பைக் கழுவ ஊருணிக்குப் போனார். மச்சான் கல்லின் முன்னால் வந்து, பொத்தான் இல்லாத சட்டையோடு, கடைசியாக ஒரு சல்யூட் அடித்தார். பக்கிளைக் கல்லடியில் புதைத்தார்.

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் பெண்கள் மயானத்துக்கு வரத் தொடங்கிவிட்டார்கள் என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அடுத்த சாவுக்குத் தெரு முனையில்தான் நின்றார்கள். அந்த அம்மா மட்டும் வருஷத்தில் ஒருநாள், அதே சுதந்திர தினத்தன்று, உள்ளே வருவார், யாரும் தடுப்பதில்லை. பாய் அன்றைக்குப் பாலை இரட்டிப்பாக வாங்கி வைப்பார். தலைவர் அடுத்த தேர்தலில் தோற்றுப்போனார். அதற்கும் கல்லுக்கும் சம்பந்தம் இல்லை. புதிதாக வந்தவர் கல்லில் தன் பெயரும் வேண்டும் என்றார். இடம் இல்லை என்று மச்சான் சொல்லிவிட்டார்.

எழுபதுகள் முடிகிற சமயத்தில் ஒரு பங்குனியில் அந்த அம்மா இறந்துபோனார். நான் பிள்ளையார்பட்டியில் ஒரு கல்யாணத்துக்கு செட் கட்டிக்கொண்டிருந்தேன். ஆள் வந்து சொன்னதும் பாட்டை நிறுத்திவிட்டுக் கிளம்பினேன். மகள் தேவகோட்டையிலிருந்து வந்து தெரு முனையில் நின்றாள். குழி எங்கே வெட்டுவது என்று கேட்டார்கள். மச்சான் மயானத்தைச் சுற்றி வந்து பார்த்தார். கணவருக்குப் பக்கத்தில் என்று சொல்ல வழியில்லை. கடைசியில் தெற்கு ஓரத்தில், வேலிப் படலுக்குப் பக்கத்தில், கால் வைத்து இந்த இடம் என்றார்.

முப்பது நாள் கழித்து மகள் செங்கல் வைத்துக் கட்டி வெள்ளையடித்தாள். அது எங்கே இருக்கிறது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.